ஹைபிரிட் காரில் புது ஸ்டீரியோ போடுவது பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் ஹைபிரிட் கார்கள் பெருகப் பெருக, "கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். கார் ஆடியோ என் தொழில் இல்லை, பைத்தியம். என் காரில் நானே வேலை செய்திருக்கிறேன், சொந்தக்காரர், நண்பர்கள் கார்களுக்குக் கடையில் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். ஒரே சந்தேகத்துக்குத் திரும்பத் திரும்ப வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லப் போவதில்லை.

ஹைபிரிட்ல 200 வோல்ட் ஓடுதாமே, டேஷ்போர்டைப் பிரிச்சா ஷாக் அடிக்குமா சார்?

அடிக்காது. ஸ்டீரியோ, லைட், ஹாரன், பவர் விண்டோ எல்லாம் மற்ற கார்களில் போல 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியின் மின்சாரம் (ஹைரைடர், கிராண்ட் விட்டாராவில் 177.6 வோல்ட்) தனிப் பாதையில் போகிறது. அந்தக் கேபிள்கள் எல்லாமே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அவை பானெட்டுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் ஓடுகின்றன, ஸ்டீரியோவுக்குப் பின்னால் வருவதில்லை. அந்தப் பெரிய பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே வண்டியின் பாடியோடு சேராமல் தனியாக இருக்கும், அதனால் பாடியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டிக்கியிலோ தரையிலோ சப்வூஃபரை (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) இறுக்க, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ட்ரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைபிரிட்டில் அடியில் பேட்டரி பெட்டியே இருக்கலாம். ஆரஞ்சைத் தொடாதே, தரையில் ஓட்டை போடாதே. இந்த இரண்டையும் ஃபிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் எர்டிகா பின்னாடி 'ஸ்மார்ட் ஹைபிரிட்'னு இருக்கு. அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். உங்களுடையது மைல்ட் ஹைபிரிட், அதில் உயர் வோல்டேஜே கிடையாது. வழக்கமான 12 வோல்ட் பேட்டரி ஒன்று, கூடவே சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று. அந்தச் சின்னது பெரும்பாலும் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், அதனால் "சீட்டுக்கு அடியில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைக்கலாம்" என்று முடிவு பண்ணுமுன் குனிந்து பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டீரியோ விஷயத்தில் மைல்ட் ஹைபிரிட்டை விட, மின்சாரத்தில் மட்டுமே ஓடவும் தெரிந்த முழு ஹைபிரிட் சாது. மைல்டில் சிக்னலில் எஞ்சின் நின்று திரும்பக் கிளம்பும்போது 12 வோல்ட் லேசாகச் சரியலாம், வெளியில் வாங்கிப் போட்ட மட்டமான ஸ்டீரியோ யூனிட் அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிடும். முழு ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரி, 12 வோல்ட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஸ்கிரீனையே மாத்தணுமா, ஸ்பீக்கரை மட்டும் மாத்தினா போதுமா?

என்னைக் கேட்டால் ஸ்கிரீனைத் தொடவே தொடாதீர்கள். இங்கே ஹைபிரிட் பெரும்பாலும் மேல் மாடல்களில்தான் வருகிறது, அவற்றில் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. பத்துப் பேர் "ஸ்டீரியோ மாத்தணும்" என்று வந்தால் அதில் எட்டுப் பேருக்கு வேண்டியது நல்ல சத்தம், புது ஸ்கிரீன் இல்லை. சத்தத்துக்கு ஸ்கிரீன் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைசிக் காரணம் அதுதான்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் முன் கதவு இரண்டிலும் நல்ல கம்போனென்ட் ஸ்பீக்கர் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது), கூடவே கதவுத் தகட்டுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். இதிலேயே பாதிப் பேர் திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது போதாவிட்டால் டிஎஸ்பி, அதாவது சத்தத்தை டிஜிட்டலாகச் சரிப்படுத்தும் வசதி, உள்ள ஒரு ஆம்ப். அதில் ஹை-லெவல் இன்புட் இருந்தால், கம்பெனி யூனிட்டின் ஸ்பீக்கர் லைனையே அதற்குள் விட்டு, சத்தத்தைச் சரிப்படுத்தி வெளியே எடுக்கலாம். அப்புறம்தான் சப்வூஃபர். பின் கதவு ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், அந்தக் காசை முன்னால் போடுங்கள்.

இல்லண்ணா, எனக்குப் பெரிய ஆண்ட்ராய்டு ஸ்கிரீன்தான் வேணும். கம்பெனி யூனிட்டை எடுத்தா என்னென்ன போகும்?

மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் பட்டியல் சின்னதில்லை. பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு, எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு என்று அம்புக்குறி ஓடும் அந்த எனர்ஜி படம் போகலாம் (மீட்டரில் இருப்பது அப்படியே இருக்கும்). 360 டிகிரி கேமரா, ஸ்கிரீன் வழியாக மாற்றும் கதவுப் பூட்டு, லைட் செட்டிங்குகள், கம்பெனி ஆப்போடு பேசும் வசதி, கூரையில் இருக்கும் மைக், ஸ்டீயரிங் பட்டன், டேஷ்போர்டு யூஎஸ்பி சாக்கெட் எல்லாமே அந்த யூனிட்டோடு கட்டப்பட்டவை. சிலதைத் திரும்பக் கொண்டுவரலாம், எல்லாவற்றையும் முடியாது.

யூடியூபும் ஓடிடியும் மட்டும்தான் வேண்டும் என்றால், கார்ப்ளே வழியாக யூஎஸ்பியில் சொருகும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் கிடைக்கிறது. ஒரு வயரையும் தொட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிடலாம். வண்டி ஓடும்போது முன்னால் படம் ஓடக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடையில 'கேன்பஸ் டப்பா குடுப்போம், எல்லாமே வேலை செய்யும்'னு சொல்றாங்களே?

கேன்பஸ் என்பது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு வயர் லைன். அந்தப் பேச்சைப் புது யூனிட்டுக்குப் புரிகிற மாதிரி மொழிபெயர்ப்பதுதான் அந்த டப்பாவின் வேலை. உங்கள் மாடலுக்கு, உங்கள் வேரியன்ட்டுக்கு, ஹைபிரிட் வண்டிக்கு என்று எழுதிய டப்பாவாக இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். அதே காரின் சாதா பெட்ரோல் மாடல் டப்பாவை ஹைபிரிட்டில் போட்டால் ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யும், எனர்ஜி படம் வராது, சில சமயம் மீட்டரில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை லைட் எரியும்.

'எல்லாமே' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்: வால்யூம், போன் எடுப்பது, ரிவர்ஸ் போட்டதும் கேமரா, லைட் போட்டதும் ஸ்கிரீன் மங்குவது. கடைசியாகக் காரை ஆஃப் செய்து, கதவைத் திறந்து இறங்கி, பூட்டிய பிறகும் ஸ்கிரீன் உயிரோடு இருக்கிறதா என்று கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. பின்னால் வரும் பேட்டரி தொல்லையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாரண்டி போயிடும்னு ஷோரூம்ல பயமுறுத்துறாங்க. உண்மையா?

மொத்தமாகப் போய்விடாது, ஆனால் பயம் முழுக்க வீணும் இல்லை. ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அவ்வளவு பெரிய வாரண்டி கையில் இருக்கும்போது சர்வீஸ் சென்டரில் சண்டை போடும் நிலைமையை நாமே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது. அவர்கள் முதலில் தேடுவது வெட்டிய வயர். மின்சாரப் பகுதியில் ஏதாவது கோளாறு என்று போய் நிற்கும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் இருந்தால், பழியெல்லாம் அதன் மேல்தான் விழும். அது இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி.

வயரை வெட்டாமல் செய்த வேலை என்றால் சர்வீஸுக்குப் போகும் முந்தின நாள் எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனி நிலைமைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதனால் கழற்றிய ஒரிஜினல் ஸ்பீக்கரையும் ஸ்க்ரூவையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பரணில் வையுங்கள்.

அந்த 'கப்ளர் டு கப்ளர்'னா என்னது?

கம்பெனி வயரிங்கில் உள்ள பிளாஸ்டிக் கப்ளரின் ஆண், பெண் இரண்டு முனைக்கும் பொருந்துகிற மாதிரி செய்த இடைவயர். நடுவில் சொருகி, அதிலிருந்து ஆம்புக்கு லைன் எடுத்துக்கொள்ளலாம், காரின் வயரில் கத்தியே படாது. உங்கள் மாடலுக்கு ரெடிமேடாகக் கிடைக்கவில்லை என்றால் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கப்ளர் பின் வாங்கி, கிரிம்ப் செய்து கொடுக்கிற ஆட்களைப் பிடிக்கலாம். சுற்றுவதற்குத் துணி டேப் கேளுங்கள். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் மே மாத வெயிலில் பசை உருகி, ஒரு வருடத்தில் பிசுபிசுவென்று அவிழ்ந்துவிடும்.

12 வோல்ட் பேட்டரி பொம்மை மாதிரி சின்னதா இருக்கே, ஆம்ப் தாங்குமா?

பேட்டரி சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியின் ரிலேவை மூடினால் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து 14 வோல்ட் சுமாருக்கு இறக்கிக் கொடுப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர். வழக்கமான காரில் ஆல்டர்நேட்டர் செய்கிற வேலை அது. எஞ்சின் நின்றிருந்தாலும் கன்வெர்ட்டர் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கத்திப்பாரா நெரிசலில் ஏசியும் பாட்டுமாக நின்றாலும் வோல்டேஜ் விழாது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 400 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாமல் தரக்கூடிய நிஜப் பவர்) உள்ள, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி ஆம்ப் என்றால், வீணாகும் சூட்டையும் சேர்த்து உச்சத்தில் 500 வாட்ஸ் இழுக்கும். 14-ஆல் வகுத்தால் 36 ஆம்பியர். ஆனால் பாட்டு என்பது விடாத சத்தம் இல்லையே, சராசரியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கன்வெர்ட்டர்கள் வழக்கமாக 100 ஆம்பியருக்கு அக்கம்பக்கம் தரக்கூடியவை, அதில் ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர் போக மீதி இதற்குப் போதும். 500 வாட்ஸ் ஆர்எம்எஸ்ஸைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற கார்களில் பெரிய ஆல்டர்நேட்டர் மாற்றுவார்கள், இங்கே கன்வெர்ட்டரை மாற்ற வழியில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் '2000 வாட்ஸ்' எல்லாம் விளம்பரம், ஆர்எம்எஸ் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் தேடுங்கள்.

வண்டியை நிறுத்திட்டு பாட்டு கேக்கலாமா? பொண்ணு டியூஷன் முடியற வரைக்கும் கார்லயேதான் உக்காந்திருக்கேன்.

கேட்கலாம், ஆனால் ரெடி நிலையில். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் வருவது ஏசிசி, பாட்டு மாதிரிச் சாதனங்களுக்கு மட்டும் மின்சாரம் வரும் நிலை. அதில் கன்வெர்ட்டர் வேலை செய்யாது, மேலே சொன்ன பொம்மை பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கும். ஆம்ப் போட்ட வண்டியில் ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் கார் கிளம்பாமல் போக வாய்ப்பு உண்டு. டொயோட்டாக்களில் பி-யில் (பார்க் கியர்) நிறுத்தி ஏசிசியில் விட்டால் சுமார் 20 நிமிடத்தில் தானாகவே ஆஃப் ஆவதும் இதற்காகத்தான்.

பிரேக்கை மிதித்து அழுத்தினால் மீட்டரில் ரெடி என்று வரும். எஞ்சின் அவ்வப்போது கிளம்பும், நிற்கும், பயப்பட வேண்டாம். ஒன்றே ஒன்று, மூடிய கேரேஜிலோ காற்றோட்டமில்லாத பேஸ்மென்ட் பார்க்கிங்கிலோ இப்படி உட்காராதீர்கள். சத்தமே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தானாகக் கிளம்பிப் புகையைக் கக்கும், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

பையனைப் பார்க்க அமெரிக்கா போய்ட்டு மூணு மாசம் கழிச்சு வந்தோம், கார் கதவே திறக்கலை. ஸ்டீரியோதான் காரணமா?

மூன்று மாதம் என்றால் ஸ்டீரியோ இல்லாமலேயே செத்திருக்கும். தூங்கும் கார்கூட 30 மில்லி ஆம்பியர் மாதிரி ஏதோ இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்தில் காலி. ஆனால் நாலைந்து நாள் நிறுத்தினாலே கிளம்பவில்லை என்றால் சந்தேகம் புது யூனிட் மேல்தான். ஆண்ட்ராய்டு யூனிட்டுகள் சீக்கிரம் ஆன் ஆக வேண்டும் என்பதற்காக முழுக்க அணையாமல் தூங்கும். அந்தத் தூக்கத்தில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி, ஒரு வாரம்கூடத் தாங்காது.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் வைத்து நடுவில் சேருங்கள். சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருந்தால் கார் தூங்காது. எல்லாக் கதவையும் பூட்டி அரை மணி நேரம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதிகமாக இருந்தால் ஸ்டீரியோ ஃப்யூஸைப் பிடுங்கி மறுபடி பாருங்கள், விழுந்துவிட்டால் திருடன் அங்கேதான். யூனிட் செட்டிங்கில் தூக்க நேரத்தைக் குறைக்கும் வசதி இருக்கும், அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. சில மாடல்களில் அந்தப் பேட்டரி டிக்கியில் இருக்கும், மின்சாரம் இல்லாமல் டிக்கி திறக்குமா, எப்படித் திறப்பது என்று மேனுவலில் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஆல்டர்நேட்டரே இல்லையே, அப்ப ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல 'ஙொய்ங்'னு வருதே அது எங்கேருந்து?

இன்வெர்ட்டரும் கன்வெர்ட்டரும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன்-ஆஃப் ஆகிற சாதனங்கள். அந்தச் சத்தம் 12 வோல்ட் லைனில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். நல்ல வயரிங்கில் ஸ்பீக்கர் வரை வராது. வந்தால் பெரும்பாலும் எர்த் தப்பு: யூனிட் ஒரு இடத்திலும் ஆம்ப் இன்னொரு இடத்திலும் மோசமான எர்த்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஆர்சிஏ வயரையும் (யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது) பவர் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள்.

முதலில் ஆம்பிலிருந்து ஆர்சிஏவைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஆர்சிஏ பக்கம், நிற்காவிட்டால் ஆம்பின் பவரிலோ எர்த்திலோ. எர்த் போடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ரிங் டெர்மினலை இறுக்க வேண்டும். பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு முடித்துவிடுவது நம்ம ஊரில் சகஜம். பவர் வயர் வலது ஓரம் என்றால் ஆர்சிஏ இடது ஓரம். நாய்ஸ் ஃபில்டர் விற்க வந்தால் வாங்காதீர்கள், அது வலியை மறைக்கும் மாத்திரை.

ஙொய்ங் இல்லை சார், சும்மா 'ஸ்ஸ்ஸ்'னு ஒரே மாதிரி. எஞ்சின் நின்னதும் நல்லா கேக்குது.

அது ஆம்பின் கெயின், உள்ளே வரும் பாட்டை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்கிற செட்டிங். பெட்ரோல் காரில் எஞ்சின் இரைச்சலில் மறைந்துபோகிற 'ஸ்ஸ்', ஹைபிரிட் மின்சாரத்தில் ஓடும்போது காதுக்குள் வந்து உட்காரும். கெயினைக் குறைத்து, யூனிட்டின் வால்யூமை ஏற்றிப் பழகுங்கள். கதவு பேனல் கிடுகிடுப்பதும் இதே காரணத்தால்தான் ஹைபிரிட்டில் துல்லியமாகக் கேட்கிறது, அதனால்தான் டேம்பிங் ஷீட்டை முதல் வரிசையிலேயே சொன்னேன்.

எஃப்எம் முன்ன மாதிரி எடுக்கலை. ஹைபிரிட் பேட்டரி தொந்தரவா?

பேட்டரியைத் திட்டுவதற்கு முன் ஆன்டெனாவைப் பாருங்கள். கூரையில் இருக்கும் சுறாத் துடுப்பு ஆன்டெனாவுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் உண்டு, அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். புது யூனிட்டின் நீல வயரை அதற்குச் சேர்க்காமல் விட்டால் மயிலாப்பூரில் 101.4 ரெயின்போ நன்றாகக் கேட்கும், மகாபலிபுரம் பக்கம் போனதும் கரகரக்கும். மலிவான போன் சார்ஜர், டேஷ்கேம் அடாப்டர் இரண்டையும் பிடுங்கிவிட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஏஎம் வேறு கதை. 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி கேட்கிற பழக்கம் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஹைபிரிட்டின் மின்சார இரைச்சல் ஏஎம்மில் கொஞ்சம் விழத்தான் செய்யும். வானொலியின் ஆப்பைப் போனில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சப்வூஃபரை எங்க வைக்கறது?

எங்கே வைக்கக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். பல ஹைபிரிட்களில் பெரிய பேட்டரி காருக்குள் இருக்கும் ஏசி காற்றை உறிஞ்சித்தான் குளிர்கிறது. அதற்கு ஒரு சின்ன ஜன்னல் மாதிரி கம்பிவலை இருக்கும், மாடலைப் பொறுத்து பின் சீட் ஓரத்திலோ சீட்டுக்கு அடியிலோ. அதன் முன்னால் சப்வூஃபர் பெட்டியோ ஆம்போ வைத்து அடைத்தால் பேட்டரி சூடேறும், எச்சரிக்கை வரும், மைலேஜும் குறையும். ஆம்ப் வேறு தானே சூடாகும், அந்தச் சூட்டையும் அது உறிஞ்சும். மேனுவலில் அந்த இடத்தின் படம் இருக்கும், ஃபிட்டரிடம் காட்டுங்கள்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் மெலிசான சப்வூஃபர், அடியில் இடம் இருந்தால், குடும்பத்துக்குப் போதும். டிக்கியில் பெட்டி வைப்பதாக இருந்தால் தரையில் ஸ்க்ரூ போடாமல், ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

ரிவர்ஸ் கேமரா புது ஸ்கிரீன்ல வரலை, கேமரா எரிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க.

எரிந்திருக்கலாம். டொயோட்டாக்களின் கம்பெனி கேமராக்கள் பல 6 வோல்ட்டில் ஓடுபவை. பழக்கதோஷத்தில் ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் அதோடு சரி. வோல்ட்டைக் குறைக்கிற அடாப்டர் கிடைக்கிறது, ஃபிட்டிங்குக்கு முன்னாலேயே இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலை ஆரம்பிக்கும்போது நான் பக்கத்துல நின்னு என்ன பார்க்கணும்?

காரை முழுக்க ஆஃப் செய்து, சாவியை உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி நில்லுங்கள். பொத்தான் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கில் கால் இருக்கும்போது கை தவறிப் பட்டாலே ரெடி ஆகிவிடும், எஞ்சின் சத்தம் இல்லாததால் யாருக்கும் தெரியாது. அப்புறம் 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். ஏர்பேக் இருக்கும் இடத்தில் உடனே கை வைக்கக் கூடாது, டொயோட்டா மேனுவலில் குறைந்தது 90 விநாடி பொறுக்கச் சொல்கிறார்கள், நான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவேன். மஞ்சள் நிறக் கப்ளர் எல்லாம் ஏர்பேக்குடையவை, அதில் டெஸ்ட் லேம்ப் வைக்க விடாதீர்கள்.

பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்டீரியோ வேலைக்குத் தேவையில்லை. தேவைப்படுகிற அளவுக்கு ஒருவர் உள்ளே போகிறார் என்றால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜிபி ரோட்ல எந்தக் கடை நல்லது?

கடை பெயர் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நல்ல ஃபிட்டிங் கடையால் வருவதில்லை, கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற ஆளால் வருகிறது, அந்த ஆள் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுகிறார். போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த ஹைபிரிட்டில் 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கு?", "வயர் கட் பண்ணாம பண்ணுவீங்களா?" பதில் சொல்லும் முகத்திலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாதீர்கள். வார நாள் காலையில் முதல் வண்டியாகப் போய் நின்றால்தான் நிதானமாகச் செய்வார்கள்.

இன்சூரன்ஸ்ல இதைச் சொல்லணுமா?

சொல்லுங்கள். கம்பெனியோடு வராத மின்சாதனங்கள் தனியாகக் குறிப்பிட்டால்தான் சேரும். ஐஎம்டி 24 என்கிற இணைப்பு அதற்குத்தான், வழக்கமாகச் சாமான் மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம். பில் இல்லாமல் வாங்கினால் இதைப் பேசவே முடியாது.

டிசம்பர் மழைக்கு சீட் அடியில இருக்கற ஆம்ப் என்ன ஆகும்?

தரையில் தண்ணீர் வந்தால் முதலில் போவது அதுதான். வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்ததும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை 2023 மிக்ஜாம் புயலின்போது எல்லோரும் பார்த்தோம், அந்தப் பகுதிகளில் இருந்தால் ஆம்பை டிக்கிப் பக்கச் சுவரில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறிய ஹைபிரிட்டை நீங்களாக ஆன் செய்து பார்க்காதீர்கள், ஆம்ப் கழற்ற டிக்கிக்குள்ளும் கை விடாதீர்கள். நேரே டோயிங், சர்வீஸ் சென்டர்.

இன்னொரு தண்ணீர் கதவு வழியாக வரும். கதவு பேனலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டு அப்படியே பேனலை மூடிவிடுவார்கள். கோடையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழை கால்மிதி வரை வந்து, கார் முழுக்க ஊறிய நாற்றம் அடிக்கும்போதுதான் காரணம் தேடுவோம். பேனலை மூடுமுன் அந்தத் தாள் சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள்.

என்கிட்ட இருக்கறது பழைய கேம்ரி ஹைபிரிட். மேல சொன்ன 'ஸ்கிரீனைத் தொடாதே' எனக்கும்தானா?

இல்லை, உங்களுக்கு நேர்மாறு. 2008-இல் வந்த சிவிக் ஹைபிரிட், 2010 பிரியஸ், 2013 கேம்ரி ஹைபிரிட் காலத்து வண்டிகளில் கார்ப்ளே கிடையாது, யூனிட்டும் காரோடு இவ்வளவு பின்னிக்கிடக்கவில்லை. தாராளமாக மாற்றலாம். டொயோட்டாவின் திறப்பு 200 மில்லிமீட்டர் அகலம், சாதாரண டபுள் டின் (கடையில் கிடைக்கும் யூனிட்டுகளின் பொது அளவு) 178 மில்லிமீட்டர். இடைவெளியை மறைக்கச் சின்ன ஃபிரேம் வேண்டும், இல்லாவிட்டால் 200 அகல யூனிட்டாகவே வாங்குங்கள். கம்பெனியே தனி ஆம்ப் வைத்திருக்கும் மாடல் என்றால் ஸ்பீக்கர் 4 ஓம்தானா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் புது ஆம்பைச் சேர்க்க வேண்டும்.

ஆம்ப் எர்த்தை நேரா பேட்டரி நெகட்டிவ்லயே குடுத்தா இன்னும் சுத்தமா இருக்காதா?

படித்தவர் கேட்கும் கேள்வி, ஆனால் வேண்டாம். இப்போதைய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினல் மேல் ஒரு சின்ன கரண்ட் சென்சார் இருக்கும், பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று எண்ணுவது அதுதான். நேரே டெர்மினலில் கட்டினால் ஆம்ப் இழுப்பது அதன் கணக்கில் வராது, சார்ஜ் குழம்பும். பாடியில், ஙொய்ங் பதிலில் சொன்ன மாதிரி இரும்பைச் சுரண்டிக் கொடுங்கள். பாசிட்டிவ் மட்டும் பேட்டரியிலிருந்து, ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் போட்டு.

பெரிய பேட்டரியிலேருந்தே நேரடியா ஆம்புக்கு லைன் எடுத்தா?

கூடாது. அந்த ஆரஞ்சு வயரில் இருப்பது ஆளைக் கொல்லும் டிசி. பாடியோடு சேராத அந்த லைனில் சின்னக் கசிவு வந்தாலும் காரே கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டும், ஆனால் அதற்குள் உங்கள் கை அங்கே இருக்கும்.

கடைசியா ஒண்ணு. மெதுவா போகும்போது வெளியில 'ஊ'ன்னு ஒரு சத்தம் வருதே, ஸ்டீரியோ போடறப்பவே அதையும் நிறுத்தச் சொல்லலாமா?

அது உங்கள் ஸ்டீரியோவைச் சேர்ந்ததில்லை, முன்னால் இருக்கும் தனி ஸ்பீக்கர். எஞ்சின் இல்லாமல் வண்டி ஊர்ந்து வருவது நடந்து போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. தி.நகர் ரங்கநாதன் தெரு முனையில் ஒரு தடவை மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், அந்தச் சத்தம் இருந்தும் யாரும் நகர மாட்டேன் என்கிறார்கள். அந்த வயரை விட்டுவிடுங்கள்.